ஊர்ப் பக்கம் போடாத எர்த்

இன்று நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். எங்கள் குழுவில் இப்போது பதின்மூன்று பேர். உன் விசா சற்று முன்னர்தான் போனுக்கு வந்தது. நீ சேர்ந்தால் பதினான்கு.

மகன், நீ குளிர் ஜாக்கெட் வாங்குவதற்குக் கல்முனை பசாருக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறாய். நீ திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நேரே சொல்லலாம்தானே என்று நினைப்பாய். நேரே சொன்னால் நீ "ஓம் சாச்சா" என்பாய். நான் என்ன சொன்னாலும் அதுதான் உன் பதில். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான், ஆகவே வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை. இதை நான் மூடி ஒட்டப்போவதுமில்லை. நிந்தவூரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் உன்னைப் போல இன்னும் சில பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும், அவர்களின் வீட்டுக்காரர்களும் வாசிக்கட்டும். நாட்டின் பெயரும் கொம்பனியின் பெயரும் இதில் இல்லை. எழுதுவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பூமி அதிர்ந்த நாடு, மலை நாடு, அவ்வளவு போதும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். நான் உன்னைப் பெற்றவனல்ல. உன்னைப் பெற்ற வாப்பா என் காக்கா, என் கூடப்பிறந்த மூத்தவர்; அவருடைய தம்பி என்பதால்தான் நான் உனக்குச் சாச்சா. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்து, இங்கே கடல் ஊருக்குள் வந்த அன்று அவர் போனார். உனக்கு ஒரு வயது. எனக்குப் பதினெட்டு. உன் உம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு மேற்கே உள்ள பள்ளிக்கூடத்தில் மற்றச் சனத்தோடு கிடந்தார். கடற்கரைப் பக்கத்துக் கரண்ட் போஸ்ட்டுகள் எல்லாம் சாய்ந்து, கம்பிகள் மணலுக்குள் போயிருந்தன. வேறு மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து கம்பி இழுத்தார்கள். நானும் போய்க் கேபிள் சுமந்தேன். சும்மா இருந்தால் காக்காவைத் தேடிப் போகவேண்டும், தேடிப் போக எனக்கு ஏலாமல் இருந்தது. ஒரு நாள் பொழுதுபட, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கரண்ட் கொடுத்தோம். மண்டபத்தில் எல்லா லைட்டும் ஒரேயடியாக எரிந்தது. சனம் சந்தோஷத்தில் சத்தம் போடும் என்று நினைத்து வாசலில் நின்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுவரைக்கும் மெழுகுதிரி வெளிச்சத்தில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று சரியாகத் தெரியாமல் இருந்தது. இப்போது எல்லாம் தெரிந்தது. ஒரு மூலையிலிருந்து ஒரு பெண் சொன்னாள், "லைட்ட நூத்துடுங்க." அணைக்கச் சொன்னது உன் உம்மா.

அதற்குப் பிறகு நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், டிப்ளோமா எடுத்தேன். உனக்கு ஆறு வயதாகும்போது பெரியவர்கள் கூடிப் பேசி, எனக்கும் உன் உம்மாவுக்கும் நிக்காஹ் செய்துவைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் காக்கா வந்து சேர்ந்த அதே வீடு, கடலுக்குப் பிறகு திரும்பக் கட்டிய அதே வளவு. நீ என்னை அதற்கு முன்பும் சாச்சா என்றாய், அதற்குப் பிறகும் சாச்சா என்றாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாச்சாதான் நான். ஆனால் ஒன்றை நான் கவனித்திருக்கவேண்டும், கவனிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் தங்கள் வாப்பாவோடு சண்டை பிடித்தார்கள், கதவை அடித்துச் சாத்தினார்கள், சோறு வேண்டாம் என்று ரோட்டுக்கு இறங்கினார்கள். நீ ஒரு நாளும் செய்ததில்லை. நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியாகவும் இருந்தது.

இனி வேலையின் கதை. நான் வளைகுடாவில் இருந்தபோதுதான் அந்த நாட்டில் பூமி அதிர்ந்தது. கொம்பனி எங்கள் குழுவை அங்கே அனுப்பியது. நீ போனில் படங்கள் பார்த்திருப்பாய், படத்தில் தெரிவது வேறு. முதல் வாரங்களில் நாங்கள் மின்நிலையத்தில் நின்றோம். கட்டடம் நிமிர்ந்துதான் நின்றது, வெளி முற்றத்தில் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்கள் எல்லாம் நொறுங்கி, கல்யாண வீட்டில் கோப்பை உடைந்தது மாதிரி நிலமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. மின்நிலையத்தை ஓடவைக்கவும் மின்சாரம் வேண்டும். பம்புக்கு வேண்டும், காற்றாடிக்கு வேண்டும், கட்டுப்பாட்டு அறைக்கு வேண்டும். ஆகவே முதலில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைத் தட்டி எழுப்பி, அதைக்கொண்டு ஒரு யூனிட்டை எழுப்பி, அதைக்கொண்டு அடுத்ததை எழுப்பவேண்டும். அது முடிந்தால் பெரிய லைன், பிறகு சப் ஸ்டேஷன், பிறகு ஊர்கள். எந்த இடத்திலும் அவசரப்பட்டால் எல்லாம் திரும்ப விழும், திரும்ப முதலிலிருந்து. எனக்குப் பொறுமை இல்லை என்று உன் உம்மா சொல்வார். உண்மை. இரண்டு தடவை விழுந்தது, ஒரு தடவை என்னால்.

குழுவில் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது. வீரமுனையிலிருந்து ஒரே ஒருவர், யோகநாதன், லைன் வேலைக்காரர். யோகண்ணன் என்போம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், ஆனாலும் நான் சுப்பர்வைசர் என்பதால் என்னை "சேர்" என்பார். பாதி மரியாதை, பாதி நக்கல். எங்களுக்குள் சொல்லாமலே ஒரு ஒழுங்கு இருந்தது. நாங்கள் தொழப் போகும்போது யோகண்ணன் வேலையைப் பார்த்துக்கொள்வார். அவருடைய கோயில் திருவிழாவுக்கு அவர் ஊருக்குப் போக லீவு எடுத்தால், அவருடைய வேலையை நாங்கள் பிரித்துச் செய்வோம். பல வருடங்களாக இப்படித்தான். அதை நாங்கள் பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம். எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் அவருடைய தமிழ் ஊருக்கும் நடுவில் யுத்த காலத்தில் என்னென்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், நான் எழுதவில்லை.

நாங்கள் கடைசியாகப் போன இடம் ஒரு சிறிய ஊர். ஊர் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் இடிபாடு, வெளியில் கூடாரங்கள். பள்ளிவாசல் மட்டும் பாதி நின்றது. அந்த ஊரைத் தாண்டிப் போகும் லைனைச் சரிசெய்து அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் கொடுக்கவேண்டும். ஒரு போஸ்ட்டில் ஜம்பர் கட்டுவது, அதாவது விட்டுப்போன இரண்டு கம்பிகளை ஒரு துண்டுக் கம்பியால் சேர்ப்பது, அதுதான் மிச்சம். லைனில் கை வைக்கும் முன் என்ன செய்யவேண்டும் என்று உனக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். டெஸ்டரைப் பிடித்துக் கம்பியில் உயிர் இல்லை என்று பார்க்கவேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போடவேண்டும், கம்பிகளைப் பூமியோடு இறுக்கிப் பூட்டவேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் தவறி வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். அன்று எங்களிடம் ஒரு எர்த் செட்தான் இருந்தது. மற்றது வேறு இடத்தில். கொண்டுவர ஆள் அனுப்பினால் இருட்டிவிடும்.

யோகண்ணன் கேட்டார், "ஊர்ப் பக்கமும் ஒண்டு போடுவமா சேர்?"

நான் சொன்னேன், "ஊர்ப் பக்கம் எங்க ஊர் இரிக்கி? அங்க இருந்து என்ன வரப்போகுது. சப் ஸ்டேஷன் பக்கம் ஒண்டு போதும். கெதியா முடிப்பம்."

"ஓம் சேர்."

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும், நானே புதிய ஆட்களுக்குப் படிப்பித்திருக்கிறேன். அந்த ஊர் செத்துவிட்டது என்று நான் முடிவெடுத்திருந்தேன், அவ்வளவுதான். நாள் கணக்காக இடிபாடு பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டிருந்தது.

பின்னேரத் தொழுகை அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். லவுட்ஸ்பீக்கரில். நாங்கள் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு கிழவர் இடிபாட்டுக்கு மேலே ஏறி நின்று வெறும் வாயால்தான் சொல்லிவந்தார், காற்று அடித்தால் கேட்காது. அன்றுதான் முதல் தடவை ஸ்பீக்கரில் வந்தது. மலையில் பட்டுத் திரும்பவும் வந்தது. நாங்கள் பயணிகள், கூடாரத்தில் மத்தியான லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிடுவதுதான் வழக்கம், அன்றும் தொழுது முடித்திருந்தோம். ஆனால் அந்தப் பாங்கைக் கேட்டதும் ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே கையுறையைக் கழற்றினோம். ஊர்ச் சனத்தோடு ஒரு ஜமாஅத் தொழவேண்டும் போல் இருந்தது. மருதமுனைப் பொடியன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நம்மட பள்ளி மாதிரியே இரிக்கி" என்றான். பள்ளிவாசலுக்குள் இடம் இல்லை, வெளியில் ஒழுங்கையில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள்.

மகன், இதை நிறுத்தி வாசி. அங்கே கரண்டே படித்த, கரண்டிலேயே சோறு தின்கிற ஏழெட்டுப் பேர் நின்றோம். அந்த ஊரில் மின்சாரம் இல்லை என்று எங்களுக்குத்தான் முதலில் தெரியும், அதைக் கொடுக்கத்தான் வந்திருந்தோம். அப்படியென்றால் அந்த ஸ்பீக்கர் எதில் வேலை செய்கிறது? ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாங்கு ஸ்பீக்கரில் வருவது எங்களுக்குக் காற்று வருவது மாதிரி. பிறந்த நாளிலிருந்து கேட்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு வயர் இருக்கும் என்ற எண்ணமே எங்கள் தலைக்குள் வராது. ஓர் இயந்திரத்தின் சத்தம் கேட்டிருந்தால் நான் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

யோகண்ணன் போஸ்ட்டின் அடியில் நின்றார். "நீங்க தொழுதிட்டு வாங்க சேர். நான் அந்த ஜம்பர முடிச்சுப்போடுறன்" என்றார். வழக்கமான ஒழுங்குதான். நான் தலையாட்டிவிட்டுப் போனேன்.

யாரோ ஒரு நிவாரணக் குழு அன்று மத்தியானம் பள்ளிக்கு ஒரு சிறிய ஜெனரேட்டரைக் கொடுத்திருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் அதைப் பள்ளியின் பிரதான போர்டில் நேரே பூட்டியிருக்கிறார். வெளி லைனை வெட்டிவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிச் வைக்கவில்லை. அவருக்குத் தெரியாது, அவர் மேல் பிழை சொல்லமாட்டேன். ஜெனரேட்டரின் கரண்ட் பள்ளிக்குள் மட்டும் நிற்கவில்லை, வந்த வயர் வழியே வெளியே போய், தெருவின் ட்ரான்ஸ்போமருக்குள் போய்விட்டது. ட்ரான்ஸ்போமருக்கு மேல் கீழ் என்று ஒன்றும் கிடையாது. மேலிருந்து பெரிய அழுத்தம் கொடுத்தால் கீழே சிறிதாகத் தரும், கீழிருந்து சிறிதைக் கொடுத்தால் மேலே பெரிதாகத் தரும். ஊர் முழுக்க வயர்கள் அறுந்து கிடந்ததால் இழுக்க வேறு பாரமும் இல்லை. எங்கள் லைனில், ஊர்ப் பக்கத்திலிருந்து, பதினோராயிரம் வோல்ட் வந்து நின்றது. காலையில் டெஸ்டர் பிடித்துப் பார்த்தபோது கம்பி செத்துத்தான் கிடந்தது. அப்போது ஜெனரேட்டரே வரவில்லை.

நாங்கள் ஸுஜூதில் இருந்தோம். ஒரு சத்தம் கேட்டது. தார் பீப்பாயைப் போட்டமாதிரி. திரும்பப் பூமி அதிர்கிறது என்று நினைத்தேன். தலையை எடுக்கவில்லை. அதிர்ந்தால் அதிரட்டும் என்று நெற்றியை வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு மணம் வந்தது. அந்த மணத்தை நான் உனக்கு எழுதப்போவதில்லை. எழுந்து பார்த்தேன். யோகண்ணன் பெல்ட்டில் தொங்கினார். நான் அவரிடம் ஓடவில்லை. அதை உனக்குச் சொல்லவேண்டும். மற்றவர்கள் போஸ்ட்டுக்கு ஓடினார்கள், "தொடாதீங்க" என்று கத்திவிட்டு நான் பள்ளிக்கு ஓடினேன். அப்படிக் கத்தும்போதுதான் ஸ்பீக்கரில் இமாமின் தக்பீர் எனக்குக் கேட்டது, கரண்ட் எங்கே இருந்து வருகிறது என்று விளங்கியது. வரிசைகளை மிதித்துக்கொண்டு போய், சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தினேன். இமாமின் சத்தம் அடுத்த தக்பீரின் பாதியில் நின்றது. இல்லை, அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், ஸ்பீக்கர்தான் நின்றது. அந்த மெல்லிய சத்தத்தை இப்போதும் கேட்கிறேன், கனவில் அல்ல, சும்மா பகலில், பல் துலக்கும்போது.

யோகண்ணன் சாகவில்லை. வலது கை முழங்கைக்குக் கீழே போனது. ஊர்ப் பக்கம் ஒரு எர்த் போட்டிருந்தால் ஜெனரேட்டர் அந்த இடத்திலேயே இரண்டு தரம் இருமிவிட்டு நின்றிருக்கும், ஸ்பீக்கர் ஏன் நின்றது என்று ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். எர்த் வேண்டாம் என்று சொன்னது நான் என்று கொம்பனிக்கும் சொன்னேன், அவருடைய மனைவி மலருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் சொன்னேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. சொன்னதால் எனக்குப் பாரம் குறையவும் இல்லை. எனக்கு இப்போது எதுவும் பாரமாகவும் இல்லை, இலேசாகவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கேட்டால் பதில் சொல்கிறேன். உன் உம்மா இதற்குத்தான் பயப்படுகிறார்.

போன மாதம் கொம்பனி என்னைத் திரும்ப வரச் சொன்னது. யோகண்ணனின் இடத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றது. நீ எனக்குச் சொல்லாமல் கல்முனை ஏஜென்டிடம் போய்ப் பெயர் கொடுத்தாய். அவன் எனக்குப் போன் எடுத்துச் சிரித்தான். "ஒங்கட மகனே வாறார் சேர், இனி ஒங்களுக்கு என்ன கவல" என்றான். நீ என்னோடு நிற்கவேண்டும் என்றுதான் பெயர் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியும். நான் இப்படி இருப்பதைப் பார்த்துக்கொண்டு உனக்கு வீட்டில் இருக்க ஏலவில்லை.

உன் உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டே சொன்னார், "நீங்க ஒரு சொல் சொன்னா நிப்பான்."

"அதான் சொல்லல்ல" என்றேன்.

"என்ன கத இது? அவர கடல் கொண்டுபோன. இவன மல கொண்டுபோகணுமா? நீங்க ரெண்டு பேரும் ஒரே குழுவில அங்க போய் நிண்டா நான் இஞ்ச எந்தப் பக்கம் பாத்து இருக்கிற?"

"நான் சொல்லி நிண்டா, நான் சொல்லி ஏறவும் செய்வான்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் விளங்கியது. மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, "ஒங்கட கரண்டுக் கத எனக்கு வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் வீரமுனைக்குப் போனேன். த்ரீவீலில் போனேன், நீ கொண்டுபோய் விடுகிறேன் என்றாய், வேண்டாம் என்றேன். விதைப்புக் காலம், யோகண்ணன் வயலில் நின்றார். வரம்பில் நின்று கூலிக்காரர்களை ஏசிக்கொண்டிருந்தார்.

"வாங்க சேர். கையில்லாதவனுக்கு விதைக்க ஏலா. வாய் இரிக்கிதானே, அதால விதைக்கிறன்."

நான் சிரிக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குக் கை போன. ஒங்களுக்கு என்ன போன? மூஞ்சி செத்துக் கிடக்கு."

வரம்பிலேயே உட்கார்ந்தோம். அவர் கேட்டார், "அந்த ஜம்பர் பிறகு ஆர் கட்டின?"

"நான்தான் ஏறினன்."

"எர்த்?"

"ரெண்டு பக்கமும்."

"ஆ. படிச்சிட்டீங்க." காலால் மண்ணைத் தள்ளி வரம்பின் கசிவை அடைத்தார். "ஆஸ்பத்திரிக்கு லைட் வந்ததா?"

"வந்தது."

"என்ட இடத்துக்கு ஆர்?"

"மகன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அவன் வாய் காட்டுற புள்ளயா?"

"இல்ல. நல்ல புள்ள."

"அப்ப கஷ்டம்தான்" என்றார். பிறகு ஒரு கூலிக்காரனைப் பார்த்து, மடையைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். மலர் பால் விடாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தார், என்னோடு கதைக்கவில்லை. சீனி அளவாகப் போட்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கிணற்று மோட்டர் ஓடவில்லை என்று நீ பெட்டியைத் திறந்துகொண்டு இருந்தாய். அதற்கு முன்னரே நான் முன் விறாந்தைக்குப் போய், மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். வீட்டுக்கு வரும் கரண்ட் அதோடு நின்றுவிட்டது. உனக்கு அது தெரியாது. மோட்டரின் சுவிச் போட்டபடியே இருந்தது. நீ அதைப் பார்த்தாய், நீ பார்த்ததை நான் பார்த்தேன். அணைக்கக் கையை நீட்டினாய்.

நான் சொன்னேன், "தேவல்ல. அந்த வயர வெறுங் கையால புடி. கெதியா."

நீ என்னைப் பார்த்தாய். இரண்டு வருடம் படித்திருக்கிறாய். அதைப் பிடித்தால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாக நோட்டில் எழுதி மார்க் எடுத்திருக்கிறாய். ஒரு கணம்தான் நின்றாய். "ஓம் சாச்சா" என்றுவிட்டுப் பிடித்தாய்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் "சரி, விடு, பிறகு பாப்பம்" என்று உள்ளே போய்விட்டேன். சாச்சாவுக்கு எல்லாம் தெரியும், சாச்சா பிழையாகச் சொல்லமாட்டார் என்று நினைத்திருப்பாய். இப்போது தெரிந்துகொள். அது ஒரு சோதனை. உன்னை அப்படிச் சோதித்தது சரியா பிழையா என்று பிறகு நீ சொல். அன்று உள்ளே போய்க் கட்டிலில் படுத்தேன், உடனே தூக்கம் வந்தது. வந்திருக்கக்கூடாது.

வாய் காட்டுற புள்ளயா என்று யோகண்ணன் கேட்டது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அன்று அந்தப் போஸ்ட்டின் அடியில் அவர் ஒரு தடவை கேட்டார், நான் மறுத்ததும் விட்டுவிட்டார், ஏனென்றால் நான் சேர். நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் சாச்சா. உன் வாப்பா இருந்திருந்தால் அவரைப் பார்த்து "ஒங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டிருப்பாய். என்னிடம் நீ அப்படிக் கேட்டதே இல்லை. நான் உங்கள் வீட்டுக்கு வந்தவன், உன்னைப் படிக்கவைத்தவன், உன் உம்மாவைத் தனியே விடாதவன் என்று சின்ன வயதிலிருந்து ஆளாளுக்கு உனக்குச் சொல்லிச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்கள். நான் அதைத் திறந்துவிடவில்லை. லைனில் அது ஆளைக் கொல்லும். பணிவு, மரியாதை என்று ஊரில் எதை எல்லாம் மெச்சுகிறார்களோ, அவை போஸ்ட்டின் உச்சியில் உனக்கு உதவாது. அங்கே உனக்கு வேண்டியது ஒரு சொல்தான், "ஏலாது." சுப்பர்வைசர் கத்துவான், நேரம் போகிறது என்பான், ஆஸ்பத்திரி இருட்டில் கிடக்கிறது என்பான், எல்லாம் உண்மையாகவும் இருக்கும். அப்போதும் நீ ஏறக்கூடாது. நான் கத்துகிறவன். நான் மாறிவிட்டேன் என்று உனக்கு வாக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டு எர்த் போடப் படித்திருக்கிறேன், பொறுமை படிக்கவில்லை.

போகாதே என்று சொல்லமாட்டேன். நீ நல்ல வேலைக்காரனாக வருவாய், அங்கே ஆள் வேண்டும், குளிரில் கூடாரங்களில் இன்னும் சனம் கிடக்கிறது. ஆனால் என் கீழே நீ வேலை செய்யக்கூடாது. இன்னொரு குழு இருக்கிறது, அதற்குச் சுப்பர்வைசர் அருள்தாஸ், கல்முனை மெதடிஸ்த சபைக்காரர். அவரை நாங்கள் ஆமை என்போம். ஒரு போஸ்ட்டில் ஆள் ஏறுமுன் குழு முழுவதையும் நிற்கவைத்து, ஒவ்வொருவனும் என்ன செய்யப்போகிறான் என்று அவன் வாயாலேயே சொல்லவைப்பார். ஒருவன் தொழப் போனால், ஒருவன் மூத்திரம் பெய்யப் போனால்கூட, எல்லோரும் இறங்கவேண்டும், அவன் வந்த பிறகு திரும்ப முதலிலிருந்து சொல்லவேண்டும். நாங்கள் இரண்டு லைன் முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்றுதான் முடிப்பார். அவரை நக்கலடித்தவர்களில் முதல் ஆள் நான். அவருடைய குழுவில் எல்லோருக்கும் இரண்டு கையும் இருக்கிறது.

நீ இப்போது பஸ்ஸில் இருப்பாய். இனி நான் செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. இப்போதே கொம்பனிக்குப் போன் எடுத்து, உன் பெயரை என் குழுவிலிருந்து எடுத்து அருள்தாஸின் குழுவில் போடச் சொல்வேன். அவருடைய ஆள் ஒருவரை எனக்குத் தரட்டும்.

2. முடியாது என்று அவர்கள் சொன்னால், நான் போகமாட்டேன். நீ போவாய். என் இடத்துக்கு அவர்கள் யாரையும் பார்த்துக்கொள்ளட்டும்.

3. இதை உன் கையில் தருமுன், வெள்ளிக்கிழமை கிணற்றடியில் செய்ததை உன் உம்மாவிடம் சொல்வேன். சில நாள் என்னோடு கதைக்கமாட்டார். அதுவும் சரிதான்.

4. இனி எங்கள் குழுவில் தொழுகை நேரத்தில் ஒருவரும் வேலை செய்யமாட்டார்கள், தொழாதவரும்தான். நான் போனால் இதை முதல் நாளே சொல்வேன், போகாவிட்டால் எழுதி அனுப்புவேன்.

5. அஸருக்குப் பிறகு உன்னைக் கூப்பிடுவேன். முன் விறாந்தையில் ஃபியூஸை உன் கண் முன்னாலேயே கழற்றி உன் கையில் தருவேன், ஆபத்து ஒன்றும் இருக்காது. பிறகு கிணற்றடியில் வைத்து, வெள்ளிக்கிழமை சொன்ன அதே சொல்லைச் சொல்வேன், அந்த வயரைப் பிடி என்று. நீ "ஏலாது சாச்சா" என்று சொல்லவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். சொல்லும்வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்வேன். உன் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது, மஃரிபு ஆனாலும் இரவாகி இஷா ஆனாலும் நான் அங்கேயே நிற்பேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.